பழைய வொக்ஸ்வேகனில் ரெண்டாம் கியர் தேடினால் ரிவர்ஸ் உறுமுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

மூடுபனி_டிக்கோயா · ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1967 மாடல் வொக்ஸ்வேகன் 1300 இப்போது என்னிடம் இருக்கிறது. இன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போய்விட்டு, நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியால் இறங்கினேன். அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பாதி வழியில் மூன்றிலிருந்து ரெண்டுக்குப் போடுவோம் என்று லீவரை இடப்பக்கம் தள்ளிப் பின்னுக்கு இழுத்தேன். ரெண்டு விழவில்லை. பல்லுக்குப் பல் கடிக்கிற ஒரு சத்தம் வந்தது. ரிவர்ஸ் கியர் சத்தம் அது. பயந்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டி வேகம் பிடித்தது. மறுபடி மூன்றும் விழவில்லை. பிரேக்கையே நம்பி ஒரு வளைவைத் தாண்டி, தேயிலைப் பக்கத்து மண் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். நாலு சில்லிலும் டிரம் சூடாகி வாடை அடித்தது. அம்மா கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு ரெண்டாம் கியர் இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு கராஜில் கொடுத்தேன். சரியாக்கித் தந்தார்கள். ரெண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. திரும்பக் கொண்டுபோனேன். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் லீவருக்கு அடியில் உள்ள ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஏதோ நகர்த்தி, இறுக்கித் தருகிறார்கள். இப்போது லீவர் நியூட்ரலில் நிற்கும்போதே குமிழ் நாலு விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும் என்று அந்த பாஸ் சொல்கிறார். அவ்வளவு செலவுக்கு இப்போது வழியில்லை. உண்மையில் கழற்றத்தான் வேண்டுமா?

---

ஸ்பேனர்_தாத்தா · ஞாயிறு இரவு

தம்பி, முதலில் அம்மா நலமா? அந்த வீதியில் அப்படி நடந்து பத்திரமாக நிறுத்தியதே பெரிய காரியம். இது சரியாகும் வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஹட்டன் டவுனுக்குக்கூட வேண்டாம்.

கியர்பொக்ஸைக் கழற்றச் சொல்கிறவரை ஒரு பக்கம் வையுங்கள். நான் கேட்கிற நாலு கேள்விக்கு நாளைக்குக் காலையில் பார்த்துப் பதில் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்து எல்லாக் கியரும் விழுகிறதா? எஞ்சின் ஓடும்போது எது விழவில்லை? ரிவர்ஸ் போடும்போது குமிழைக் கீழே அமுக்க வேண்டியிருக்கிறதா, அமுக்காமலே போகிறதா? கிளச் பெடல் பிடிக்கிறதுக்கு முன்னால் எவ்வளவு சும்மா இறங்குகிறது?

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேர்க்ஷொப் பார்த்தவன் நான், முப்பது வருஷத்துக்கு மேல். துரைமார் வைத்திருந்த வொக்ஸ்வேகன்களும் என் கையால் போயிருக்கின்றன. நீங்கள் சொல்கிற குறையில் பத்தில் எட்டு கியர்பொக்ஸுக்குள் இருக்காது.

---

மூடுபனி_டிக்கோயா · திங்கள் காலை

ஐயா, மிக்க நன்றி. பாடசாலைக்குப் போக முன்பே பார்த்துவிட்டேன். அம்மா நலம்.

எஞ்சினை நிறுத்திப் போட்டால் ஒன்று, மூன்று, நாலு விழுகின்றன. ரெண்டு, லீவரை இடப்பக்கம் பலமாக அழுத்திப் பிடித்து இழுத்தால் மட்டும் சில நேரம் விழுகிறது. எஞ்சின் ஓடினாலும் அதேதான், வித்தியாசம் இல்லை. ரிவர்ஸ் குமிழை அமுக்காமலே போகிறது. முன்பெல்லாம் அப்பா அமுக்கித்தான் போடுவார், நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிளச் பெடல் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சும்மா இறங்கி அப்புறம் கனக்கிறது.

---

ஸ்பேனர்_தாத்தா · திங்கள் மதியம்

நல்லது. இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்தது.

எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி என்றால் கிளச்சைச் சந்தேகிக்க வேண்டாம். கிளச் முழுதாக விடாவிட்டால் நிறுத்தி வைத்தபோது எல்லாம் சுகமாக விழும், ஓடும்போதுதான் ஒன்றும் ரிவர்ஸும் கடிக்கும். பெடலின் சும்மா ஓட்டம் 10 மில்லிமீற்றரிலிருந்து 20 வரை இருக்கலாம், உங்களுடையது அதற்குள் வருகிறது. ஆகவே கோளாறு கையிலிருந்து கியர்பொக்ஸ் வரை போகிற வழியில் இருக்கிறது.

அந்த வழியைச் சொல்கிறேன். இந்த வண்டியில் எஞ்சினும் கியர்பொக்ஸும் பின்னுக்கு இருக்கின்றன. லீவரோ முன்னுக்கு. நடுவில் தரையில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற சுரங்கத்துக்குள் ஒரு நீள ராட் கிடக்கிறது. லீவரின் அடி முனை அந்த ராட்டில் உள்ள ஒரு கிண்ணத்தில் உட்காரும். நீங்கள் லீவரை முன்பின் தள்ளினால் ராட் முன்பின் போகும், பக்கவாட்டில் தள்ளினால் ராட் சுழலும். கியரைத் தேர்ந்தெடுப்பது சுழற்சி, போடுவது தள்ளல்.

அந்த ராட்டை நேராகப் பிடித்து வைக்க, லீவர் கிட்ட ஒரு நைலோன் புஷ், அதாவது ராட் வழுக்கிப் போகிற வளையம், இருக்கிறது. பின்முனையில், பின்சீட்டுக்கு அடியில், ராட்டையும் கியர்பொக்ஸிலிருந்து வருகிற தண்டையும் இணைக்கிற கப்ளிங் ஒன்று. அதற்குள்ளும் புஷ் உண்டு. இந்த ரெண்டு இடமும் தேய்ந்தால் உங்கள் கை சொல்வது கியர்பொக்ஸுக்குப் போய்ச் சேராது. கை இடப்பக்கம் முழுதாகத் தள்ளினாலும் ராட் அரைவாசிதான் சுழலும், ரெண்டாம் கியரின் வாசலுக்கு வந்து சேராது. இன்னும் பலமாகத் தள்ளுவோம். அப்போது ஒரேயடியாகத் தாண்டி ரிவர்ஸ் பக்கம் போய்விடும்.

போகாமல் தடுக்கத்தான் லீவருக்கு அடியில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். ஸ்டொப் பிளேட் என்போம். குமிழைக் கீழே அமுக்கினால் ஒழிய ரிவர்ஸ் பக்கம் விடாது. உங்கள் வண்டியில் அமுக்காமலே போகிறது என்றால், அந்தத் தகடு தேய்ந்திருக்க வேண்டும், திருப்பிப் போட்டிருக்க வேண்டும், அல்லது இல்லவே இல்லை.

அந்த ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துவது அட்ஜஸ்ட்மென்ட். தேய்ந்த புஷ்ஷுக்கு அது மருந்து அல்ல. தேய்மானத்தை அந்த நகர்த்தலுக்குள் ஒளித்து வைத்தார்கள், ரெண்டு வாரத்தில் அது வெளியே வந்துவிட்டது. பின்சீட்டைத் தூக்கி, நடுவில் உள்ள சின்ன மூடியைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் பட்டரி வயரைக் கழற்றுங்கள். பட்டரி அதே சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட் ஸ்பிரிங் முனையில் பட்டால் நெருப்புப் பிடிக்கும். மூடி இல்லாத பட்டரியால் எரிந்த வொக்ஸ்வேகனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

மாத்தளை_லொறி · திங்கள் மாலை

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கப்ளிங்கை ராட்டோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டார். ஆட்டம் போய்விட்டது, ஒரு வருஷமாக ஓடுகிறது. புஷ் கிடைக்காத ஊரில் அதுதான் வழி.

---

பண்டாரவளை_பீட்டில் · திங்கள் மாலை

அண்ணே, தயவு செய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்தச் சுரங்கத்துக்குள்தான் பெற்றோல் குழாயும் போகிறது. தாங்கி முன்னுக்கு, எஞ்சின் பின்னுக்கு, குழாய் நடுவால். ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகிய குழாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிளச் கேபிளும் எக்ஸிலேட்டர் கேபிளும் அதே வழிதான்.

---

ஸ்பேனர்_தாத்தா · திங்கள் இரவு

பண்டாரவளைத் தம்பி சொன்னது சத்தியம். இன்னொன்றும் இருக்கிறது. கியர்பொக்ஸ் றப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் இழுக்கும்போதும் விடும்போதும் கொஞ்சம் அசையும். ராட் வண்டியின் உடம்போடு நிற்கிறது. அந்த ரெண்டு அசைவுக்கும் நடுவில் கப்ளிங்கின் புஷ்தான் இணக்கம் பேசுகிறது. வெல்டிங் அடித்தால் கியர்பொக்ஸ் அசைகிற ஒவ்வொரு தடவையும் கியரைப் பிடித்து இழுக்கும். ஏற்றத்தில் கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். அதிர்வும் நேராக லீவருக்கு வரும். லொறி அண்ணன் கோபிக்க வேண்டாம், உங்கள் பக்கத்து வண்டியை ஒரு தடவை யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள்.

---

மாத்தளை_லொறி · திங்கள் இரவு

கோபம் ஒன்றும் இல்லை ஐயா. பெற்றோல் குழாய் விஷயம் எனக்குத் தெரியாது. அவரிடம் சொல்கிறேன்.

---

மூடுபனி_டிக்கோயா · செவ்வாய் மாலை

திறந்து பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூடியைக் கழற்றி டோர்ச் அடித்ததும் முதலில் தெரிந்தது சைக்கிள் டியூப். கப்ளிங்கைச் சுற்றி மூன்று நாலு சுற்று டியூப் றப்பர், அதன் மேல் கொங்கிரீட் கட்டுகிற கட்டுக்கம்பி, குறடால் முறுக்கி விட்டிருக்கிறது. கம்பி றப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன். உள்ளே புஷ் என்று சொல்ல ஒன்றுமில்லை, நகம் அளவுக்கு ரெண்டு கறுப்புத் துண்டு கையில் வந்தது. மிச்சம் தூள். விரலால் கப்ளிங்கைப் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று அடிக்கிறது.

கியர்பொக்ஸ் தண்டைப் பிடிக்கிற ஸ்குரு சதுரத் தலை என்று ஒரு படத்தில் பார்த்தேன். எங்களுடையதில் சாதாரண ஆறுமூலைப் போல்ட், முனை தட்டை. தண்டில் அதற்கென்று ஒரு குழி இருக்கிறது. போல்ட் அந்தக் குழியில் உட்காராமல் பக்கத்தில் உரசி, தண்டில் ஒரு பளபளப்பான கோடு போட்டிருக்கிறது.

பிறகு லீவரைக் கழற்றினேன். ஸ்டொப் பிளேட் இல்லை. அதன் இடத்தில் ரெண்டு வாஷர். லீவரின் கழுத்துக்குக் கீழே பெயின்ட் கருகி, இரும்பு நீலம் பாய்ந்திருக்கிறது. சூடாக்கி வளைத்திருக்கிறார்கள் போல. அப்பாவின் காலத்துப் படம் ஒன்றை வைத்து ஒப்பிட்டேன், அந்த வளைவு இல்லை இது.

அப்பா இந்த வண்டியை ஒவ்வொரு ஞாயிறும் துடைத்துத்தான் வைப்பார். இதையெல்லாம் பார்த்ததும் மனது கனத்துப்போய்விட்டது.

---

ஸ்பேனர்_தாத்தா · செவ்வாய் இரவு

தம்பி, மனதைத் தளர விடாதீர்கள். கெட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, அது நல்ல செய்தி.

நடந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கப்ளிங் புஷ் உடைந்தது. டியூப் சுற்றினார்கள். ஆனாலும் ரெண்டு எட்டவில்லை. எட்ட வைக்க லீவரை வளைத்தார்கள். வளைத்த லீவர் ஸ்டொப் பிளேட்டில் இடித்தது. தகட்டை எடுத்துவிட்டு வாஷர் வைத்தார்கள். ஒரு புஷ் போடாததற்கு ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பிழை.

திரும்பத் திரும்பப் பழுதானதற்கு முக்கியக் காரணம் அந்தத் தட்டை முனைப் போல்ட். வேண்டியது கூர் முனை. கூர் குழிக்குள் விழுந்தால்தான் கப்ளிங் தண்டில் ஒரே இடத்தில் நிற்கும். தட்டை முனை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் அட்ஜஸ்ட்மென்ட் மாறும். அந்த ஸ்குரு கழன்று வந்தால் எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலேயே வண்டி மாட்டிக்கொள்ளும். அதனால்தான் தலையில் ஓட்டை போட்டுக் கம்பியால் பூட்டுவார்கள்.

வேண்டியவை: புது கப்ளிங் அல்லது அதன் புஷ் செட், சதுரத் தலை ஸ்குரு, ராட்டுக்கு நைலோன் புஷ் அதன் கம்பி வளையத்தோடு, உங்கள் ஆண்டுக்குரிய ஸ்டொப் பிளேட், வளையாத ஒரு லீவர். வளைந்ததைத் திரும்பச் சூடாக்கி நிமிர்த்த வேண்டாம்.

---

பஞ்சிகாவத்தை_பக்கத்திலிருந்து · செவ்வாய் இரவு

நான் கொட்டகலைக்காரன், கொழும்பில் வேலை. சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடிப் பார்க்கிறேன். வொக்ஸ்வேகன் சாமான் வைத்திருக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மெக்சிக்கோவில் 2003 வரை இந்த வண்டியைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள், ஆகவே புஷ் மாதிரிச் சின்னச் சாமான் அவ்வளவு அரிதில்லை. லீவரும் தகடும் பழையதில்தான் தேட வேண்டும். காசை அப்புறம் பார்க்கலாம் அண்ணே.

---

லேத்_ஹட்டன் · புதன் காலை

நைலோன் புஷ் தேவையா? பித்தளையில் கடைந்து தருகிறேன், வாழ்நாளுக்கும் தேயாது. ஒரு மணி நேர வேலை.

---

பண்டாரவளை_பீட்டில் · புதன் மதியம்

இதை நான் செய்து பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022இல் பெற்றோல் இல்லாமல் வண்டி மாதக்கணக்கில் நின்றது. கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் பங்கு வாங்கும் முறை வந்து ஓட்டத் தொடங்கியபோது லீவருக்கு அடியில் ஒரே கடகடப்பு. நைலோன் புஷ் காய்ந்து வெடித்திருந்தது. கடையில் கிடைக்கவில்லை என்று பித்தளையில் கடைந்து போட்டேன். ஆட்டம் போனது. ஆனால் இரும்பு ராட் பித்தளையில் உரசுகிற சத்தம் எக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் கேட்டது, கிரீஸ் வற்ற வற்ற அதிகமானது. எட்டு மாதத்தில் ராட்டில் பள்ளம் விழுந்தது. புஷ் தேயாமல் ராட் தேய்ந்தது. ராட்டை வாங்குவதைவிட நைலோன் புஷ் எவ்வளவோ மலிவு. தேய வேண்டிய சாமான் தேயட்டும்.

கம்பி வளையத்தையும் மறக்க வேண்டாம். அது இல்லாமல் போட்டால் புஷ் பிடியில் நிற்காது, சத்தம் போடும். கப்ளிங் புஷ் கல்லு மாதிரி கடினமான ரகத்திலும் விற்கிறார்கள். அதைப் போட்டால் அதிர்வு கைக்கு வரும். பழைய மாதிரி மென்மையானதே நல்லது.

---

லேத்_ஹட்டன் · புதன் மாலை

ராட் தேயும் என்று நான் யோசிக்கவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சதுரத் தலை ஸ்குரு கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். ஹை டென்சில் போல்ட்டில் கூர் முனை கடைந்து, தலையைச் சதுரமாக்கி, கம்பிக்கு ஓட்டையும் போட்டுத் தருகிறேன். டிக்கோயாவிலிருந்து வருகிறவரிடம் காசு வாங்க மாட்டேன், உங்கள் அப்பாவிடம் மருந்து வாங்கி வளர்ந்தவன் நான்.

---

ரம்பொடை_அக்கா · புதன் இரவு

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கே.ஈ. 70 கொரோலா. இதிலும் லீவர் சோற்றுக் கரண்டி மாதிரி ஆடுகிறது. ரம்பொடை ஏற்றத்தில் மூன்றா ஐந்தா என்று கைக்கே தெரியவில்லை. இதிலும் ராட், கப்ளிங் எல்லாம் உண்டா?

---

ஸ்பேனர்_தாத்தா · புதன் இரவு

இல்லை மகள், உங்களுடையது சுகமான வேலை. அதில் எஞ்சின் முன்னுக்கு, கியர்பொக்ஸ் அதன் பின்னால், லீவர் நேராக கியர்பொக்ஸ் மேலேயே உட்காருகிறது. நடுவில் நீள ராட் இல்லை. உள்ளே இருக்கிற றப்பர் மூடியை விலக்கி, லீவரைப் பிடித்திருக்கிறதைக் கழற்றித் தூக்குங்கள். லீவரின் அடி முனையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது நொறுங்கிப் போயிருக்கும். புதுசு போட்டால் லீவர் இறுகிவிடும். நொறுங்கிய துண்டு உள்ளே விழாமல் துணியால் அடைத்துக்கொண்டு செய்யுங்கள்.

---

ரம்பொடை_அக்கா · வியாழன் இரவு

ஐயா, தொப்பி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு துண்டு பேனா மூடியை வெட்டிச் செருகியிருந்தார்கள். புதுசுக்குச் சொல்லிவிட்டேன். கோடி நன்றி.

---

மூடுபனி_டிக்கோயா · ஞாயிறு இரவு

சாமான் எல்லாம் வந்தது. கொட்டகலைத் தம்பி சனிக்கிழமை இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். லீவரும் தகடும் பழைய வண்டி ஒன்றிலிருந்து கிடைத்தன. கப்ளிங்கோடு ஸ்குரு வரவில்லை, ஹட்டன் லேத் அண்ணன் கடைந்து தந்தார். காசு வாங்கவே இல்லை.

இன்று காலையில் ஏழு மணிக்குத் தொடங்கினோம், நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும். பட்டரி வயர் முதலில். கப்ளிங்கைக் கழற்றி, லீவர் ஓட்டைக்குள் டோர்ச் அடித்தால் ராட்டின் முனையும் பழைய புஷ்ஷும் தெரிந்தன. பிடிகுறடால் ராட்டைப் பிடித்து நகர்த்தி புஷ்ஷிலிருந்து விடுவித்தோம். பழைய புஷ் மூன்று துண்டாக வந்தது. ஒவ்வொன்றையும் எண்ணி வெளியே எடுத்தோம். புதுசு போடுகிறதுதான் கஷ்டம். கை முழுதாக நுழையாத ஓட்டை, கண்ணுக்குத் தெரியாமல் ரெண்டு விரலால் வேலை. கம்பி வளையத்தை முதலில் புஷ்ஷில் மாட்டி, சுடுதண்ணீரில் புஷ்ஷைப் போட்டு எடுத்தால் மெதுவாகும் என்று தம்பி சொன்னான். அப்படிச் செய்தோம். மூன்றாம் முயற்சியில் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. உள்ளும் புறமும் கிரீஸ் நிறையப் பூசினோம். ராட் அதற்குள் போகும்போது சத்தமே இல்லை.

கப்ளிங்கில் லேத் அண்ணனின் ஸ்குரு குழியைத் தேடிப் போனது கைக்கே தெரிந்தது. ஒரு கட்டத்தில் சும்மா சுழலாமல் பிடித்தது. அதன் பிறகு கப்ளிங்கை ஆட்டிப் பார்த்தேன், தண்டோடு சேர்ந்து அசைந்தது, தனியாக அசையவில்லை. கம்பி போட்டு முறுக்கினேன்.

இப்போது லீவரையும் தகட்டையும் எப்படி வைப்பது? தகட்டை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, படம் அனுப்பியிருக்கிறேன்.

---

ஸ்பேனர்_தாத்தா · ஞாயிறு இரவு

படத்தில் கிடக்கிற மாதிரியே வையுங்கள், சரியாக இருக்கிறது. கம்பி முறுக்கிய திசையை மட்டும் பாருங்கள். ஸ்குரு கழல முயன்றால் கம்பி இறுக வேண்டும், தளரக் கூடாது.

லீவரைப் பொருத்த முன் அடி முனைப் பந்திலும் ராட்டுக் கிண்ணத்திலும் கிரீஸ். ஸ்பிரிங்கை மறக்க வேண்டாம். ரெண்டு போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, கிளச்சை மிதித்து ரெண்டாம் கியரில் போடுங்கள். எதற்கு ரெண்டு என்றால், ரெண்டும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்து வாசல். ரெண்டு சரியாக இருந்தால் மற்றது தானாகச் சரியாகும். போல்ட் பிடிக்கிற லீவரின் அடிப்பகுதியை முன்பின் மெல்ல நகர்த்தி, லீவர் எந்தப் பக்கமும் இழுபடாமல் சும்மா நிற்கிற இடத்தில் இறுக்குங்கள். பிறகு நாலு கியரும் போட்டுப் பாருங்கள். கடைசியாகக் குமிழை அமுக்காமல் ரிவர்ஸுக்குப் பலமாகத் தள்ளிப் பாருங்கள். போகக் கூடாது. போனால் திரும்பத் தளர்த்திச் சரிபார்க்க வேண்டும், அதற்கு முன் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

---

மூடுபனி_டிக்கோயா · செவ்வாய் இரவு

ஐயா, போகவில்லை! எவ்வளவு தள்ளினாலும் தகடு தடுக்கிறது. அமுக்கினால் மட்டும் போகிறது. குமிழின் ஆட்டம் நாலு விரலிலிருந்து ஒரு விரலுக்கும் குறைவாக வந்துவிட்டது.

நோர்வூட் வரை போய் வந்தேன். எல்லாக் கியரும் விழுகின்றன. ஒரு சந்தேகம் மட்டும். மூன்றாம் கியரில் எக்ஸிலேட்டரை அழுத்தி விடும்போது லீவர் தானாக ஒரு அங்குலம் முன்பின் போகிறது. துள்ளி வெளியே வரவில்லை. இது பழையபடி ஆகிவிடுமா?

---

பண்டாரவளை_பீட்டில் · செவ்வாய் இரவு

லீவர் போகிறது என்றால் கியர்பொக்ஸ் போகிறது. முன் மவுண்டிங் றப்பர் பாருங்கள்.

---

ஸ்பேனர்_தாத்தா · புதன் காலை

அதேதான். கொஞ்சம் அசைவது இயல்பு, ஒரு அங்குலம் அதிகம். வண்டிக்கு அடியில் போக முன் ஜெக்கை மட்டும் நம்ப வேண்டாம், கட்டை வையுங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள். கியர்பொக்ஸின் மூக்கில் இருக்கிற றப்பரில் இரும்புத் தகடு விட்டுப் பிரிந்திருக்கிறதா பாருங்கள். ஒயில் பட்டு ஊறியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அடியில் படுக்கிற நேரத்திலேயே கிளச் கேபிளின் குழாய் எவ்வளவு தொய்ந்து வளைந்திருக்கிறது என்றும் அளந்துவிடுங்கள். 25 மில்லிமீற்றரிலிருந்து 45 வரை தொய்வு வேண்டும். நேராக இருந்தால் கிளச் அதிரும், அதிகம் வளைந்தால் கேபிள் அறும்.

கியர் ஒயிலும் எப்போது மாற்றியது என்று தெரியாது அல்லவா? 80டபிள்யூ90, ஜீ.எல். 4 ரகம், ரெண்டரை லீற்றர்.

---

மூடுபனி_டிக்கோயா · அடுத்த ஞாயிறு இரவு

மவுண்டிங் றப்பரில் இரும்பும் றப்பரும் தனித்தனியாகப் பிரிந்தே கிடந்தன, விரலை நுழைக்கலாம் போல இருந்தது. அதுவும் மாற்றியாயிற்று, ஒயிலும் மாற்றியாயிற்று. வடித்த ஒயில் கறுப்பாக இருந்தாலும் இரும்புத் தூள் அதிகம் இல்லை. கிளச் குழாயின் தொய்வு 30 மில்லிமீற்றர்.

இன்று காலையில் கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயா ஏறி, அங்கே வண்டியைத் திருப்பி அதே ரதல்ல வீதியால் இறங்கினேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. தம்பி மட்டும் வந்தான். மேலிருந்தே ரெண்டில் இறங்க வேண்டும் என்று தெரிந்தாலும், வேண்டுமென்றே மூன்றில் தொடங்கினேன், இன்னும் மெதுவான இடத்தில், பின்னால் யாரும் வராத நேரம் பார்த்து. அன்றைக்கு மாட்டிக்கொண்ட வளைவுக்கு முன் கிளச்சை மிதித்து, இடப்பக்கம் தள்ளிப் பின்னுக்கு இழுத்தேன். தகட்டின் விளிம்பில் லீவர் தொட்டு நின்றது கைக்குத் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே ரெண்டு, வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. எஞ்சின் சத்தம் உயர்ந்து வண்டி பிடித்துக்கொண்டது. கீழே வரும் வரை பிரேக்கை ஐந்தாறு தடவைதான் தொட்டிருப்பேன். கீழே நிறுத்தி டிரம்மில் கை வைத்துப் பார்த்தேன், கை வைக்கிற சூடுதான்.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்த வண்டியை விற்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள், நல்ல விலையும் சொன்னார்கள். போன மாதம் விற்றுவிடுவோமா என்று நினைத்ததும் உண்மை. இன்றைக்கு அந்த நினைப்பு இல்லை.

வளைந்த லீவரையும் கட்டுக்கம்பியையும் அந்த கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதா என்று யோசிக்கிறேன். சண்டைக்கு அல்ல. அங்கே வேலை பழகுகிற பையன்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

---

ஸ்பேனர்_தாத்தா · திங்கள் காலை

கொண்டுபோங்கள் தம்பி. பையன்களிடம் தேய்ந்த கப்ளிங்கையும் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ் இருக்கும்போதே, மரியாதையாகச் சொல்லுங்கள். அவருக்கும் யாரும் காட்டித் தராமல் இருந்திருக்கலாம்.

300 கிலோமீற்றர் ஓடியதும் பின்சீட்டைத் தூக்கி அந்தப் பூட்டுக் கம்பியை ஒரு தடவை பாருங்கள். பட்டரிக்கு மூடி போட்டீர்களா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

---

மூடுபனி_டிக்கோயா · திங்கள் மாலை

போட்டுவிட்டேன் ஐயா. றப்பர் விரிப்பு ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் மடித்து.